ஏழு படியும் ஏழு லிட்டரும்

3-7-1961, திங்கள்

முப்பிடாதி அம்மன் துணை.

இந்த நோட்டு கடம்பவனம் வாத்தியார் கொடுத்தது. தினமும் எத்தனை பிள்ளைகள் சாப்பிட்டார்கள், எவ்வளவு அரிசி போட்டேன் என்று எழுதினால் போதும் என்றார். அதற்கு ஒரு வரி போதுமே, மிச்சப் பக்கத்தை என்ன செய்ய? வெள்ளைக் காகிதத்தை வெறுமனே விட எனக்கு மனசு வராது. அஞ்சாம் வகுப்பு வரை படித்த கை. எழுதினால் தேய்ந்தா போகும்?

பிள்ளைகள் எழுபது. அரிசி ஏழு.

ஏழு என்ன என்பதில்தான் இன்றைக்குச் சங்கதி இருக்கிறது. நாலு வருஷமாக இந்தப் பள்ளிக்கூடத்தில் மத்தியானச் சாப்பாடு பொங்கிப் போடுகிறேன். பத்துப் பிள்ளைக்கு ஒரு படி அரிசி, எழுபது பிள்ளைக்கு ஏழு படி. யூனியன் ஆபீஸிலிருந்து மாதச் சீட்டு வரும், அதைக் காட்டினால் அரிசிக்கடையில் அன்றன்றைக்கு அளந்து போடுவார்கள். இந்த மாதச் சீட்டில் ‘படி’ என்று இருந்த இடத்தில் ‘லிட்டர்’ என்று எழுதியிருக்கிறது. ஏழு மட்டும் அப்படியே இருக்கிறது.

கடையில் புது அளவு வைத்திருந்தார்கள். தகரம், பளபளவென்று, ஆள் பார்க்க லட்சணம்தான். நானே அளந்தேன். லாபம், ரெண்டு, மூணு என்று எண்ணினேன். அளக்கிறபோது முதலாவதை ஒன்று என்று சொல்லக்கூடாது, லாபம் என்றுதான் சொல்ல வேண்டும். ஏழு எண்ணி முடித்தபோது சாக்கு, பத்தியம் கிடந்த பிள்ளை பெற்றவள் மாதிரி வற்றி இருந்தது.

கடைசி இரண்டு வரிசைக்குச் சோறு எட்டவில்லை. கஞ்சித் தண்ணீரில் உப்பும் வெங்காயமும் போட்டுக் கொடுத்தேன். பொங்குகிறவளுக்கும் அந்தப் பானையில்தான் சாப்பாடு. நல்லவேளை, இன்றைக்குச் சோமவாரம். எனக்கு விரதம்.

பழைய படியை, அளவுகளுக்கு முத்திரை போடுகிற இன்ஸ்பெக்டர் வரும்போது ஒப்படைக்க வேண்டுமாம். வாத்தியார் சொன்னார். சரி என்றேன்.

4-7-1961, செவ்வாய்

பிள்ளைகள் எழுபத்தொன்று. அரிசி ஏழு லிட்டர். முருங்கைக்கீரை பறித்துப் போட்டுச் சமாளித்தேன். செவ்வாய் விரதம்.

6-7-1961, வியாழன்

யூனியன் ஆபீஸுக்கு நடந்தே போனேன். மூன்று மைல். போகிற வழியில் பிள்ளையாருக்கு ஒரு தோப்புக்கரணம் போட்டுவிட்டுத்தான் போனேன், ஆனாலும் காரியம் ஆகவில்லை.

சாப்பாட்டுச் சீட்டு எழுதுகிற கிளார்க்கின் பெயர் நாறும்பூநாதன். முப்பது வயசு இருக்கும். சட்டைப்பையில் இரண்டு பேனா.

“ஐயா, சீட்டுல ஒரு தப்பு விழுந்துட்டு. ஏழு படின்னு இருக்க வேண்டியது ஏழு லிட்டர்னு இருக்கு” என்றேன்.

“தப்பு இல்ல, அத்தை. இனிமே படி கிடையாது. படிக்குப் பதிலா லிட்டர். சர்க்கார் உத்தரவு.”

“படிக்குப் பதிலா லிட்டர், சரி. ஒரு படிக்குப் பதிலா ஒரு லிட்டர்னு யார் சொன்னா? லிட்டர் சின்னதுல்லா?”

“கொஞ்சம் முன்னப் பின்ன இருக்கும். உங்களுக்கு அளவு பழகல. பழகிரும்.”

“எனக்குப் பழகிரும் ஐயா. பிள்ளைய வயித்துக்கு எப்படிப் பழக்க?”

அவர் பேனாவை மூடினார். “நீங்க பழைய காலத்து ஆளு. புதுசா ஒண்ணு வந்தா எதிர்க்கத்தான் செய்வீய. தேசம் முழுக்க ஒரே அளவு வரணும்னு சர்க்கார் பாடுபடுது. உங்களுக்கு அடுப்பங்கரைதான் தேசம்.”

ஆமாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். அந்தத் தேசத்தில் எழுபது பேர் இருக்கிறார்கள் என்பது நடக்கும்போதுதான் தோன்றியது. எனக்கு நல்ல பதில் எல்லாம் அரை மைல் தள்ளித்தான் வரும்.

குரு பகவானுக்கு விரதம்.

7-7-1961, வெள்ளி

அறுபத்தொன்பது. ஏழு லிட்டர். அம்மனுக்கு விரதம்.

12-7-1961, புதன்

முத்திரை இன்ஸ்பெக்டர் வந்தார். பெயர் தேவசகாயம். ஒரு மாட்டுவண்டி நிறையப் பழைய படி, மரக்கால், எடைக்கல். கடைத்தெருவை முடித்துவிட்டுப் பள்ளிக்கூடம் வந்து, அங்கே இல்லை என்றதும் வாத்தியாரையும் கூட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். நான் என் தம்பி வீட்டில் இருக்கிறேன், அவன் ரயில்வேயில் வேலை பார்ப்பதால் பாதி நாள் வெளியூர். வீட்டில் அவன் மனைவி சங்கரவடிவும் நானும்தான்.

“பள்ளிக்கூடத்துப் படி உங்ககிட்ட இருக்குன்னு வாத்தியார் சொல்றாரும்மா.”

“இருந்துச்சு ஐயா.”

“இப்ப?”

நான் விளக்கு மாடத்தைக் காட்டினேன். அங்கே முப்பிடாதி அம்மன் படத்துக்கு முன்னால், குத்துவிளக்குக்குப் பக்கத்தில், வாழை இலையில் படி உட்கார்ந்திருந்தது. தலைக்கு மேலே கோபுரமாக அரிசி, அதன் உச்சியில் ஒரு செம்பருத்தி, நெற்றிக்குக் குங்குமம்.

“அது நிறைபடி ஐயா. அம்மனுக்கு வச்சது. அம்மனுக்கு வச்சா அது அளவு இல்ல, அம்மன். எடுத்தா எங்க வீட்டுக்கு ஆகாது, உங்களுக்கும் ஆகாது. ஆனா நீங்க அதிகாரி. எடுக்கணும்னா உங்க கையால எடுத்துக்கிடுங்க.”

வாத்தியார் கூரையைப் பார்த்தார். இன்ஸ்பெக்டர் செருப்பை வாசலிலேயே கழற்றியிருந்தார். படியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“நான் வேதக்காரன் அம்மா, சர்ச்சுக்குப் போறவன். சாமி முன்னால இருக்கதத் தொட மாட்டேன். ஆனா அதை வச்சு அளக்கக்கூடாது, தெரிஞ்சுக்கோங்க.”

“அம்மன் எங்க ஐயா அளக்கப் போறா.”

அவர் போனதும் சங்கரவடிவு கேட்டாள், “மைனி, நேத்து வரைக்கும் அது அடுப்படியிலதான கிடந்துச்சு?”

அந்தப் பெண்ணுக்கு எப்போதும் தேவையில்லாத கேள்வி. நாலு வருஷம் என் கையோடு கிடந்த படியை வண்டியில் தூக்கிப் போட விட்டுவிடுவேனா? ஒரு கிளார்க் ஒரு பேனாவால் அடித்தால் படி செத்துப்போகுமா? என்னிடம் ஒன்றாவது பறிபோகாமல் இருக்கட்டும்.

18-7-1961, ஆடி முதல் செவ்வாய்

பிள்ளைகள் எழுபது. மணி அடித்ததும் தட்டைத் தூக்கிக்கொண்டு ஒரே ஓட்டம், இடி, சண்டை. முன்னெல்லாம் இப்படி ஓட மாட்டார்கள். கடைசி இரண்டு வரிசைக்குக் கஞ்சித்தண்ணீர்தான் வரும் என்று பிள்ளைகளுக்குத் தெரிந்துவிட்டது. பெரியவன்கள் முன்னால் உட்கார்ந்துகொள்கிறான்கள், ஒண்ணாம் வகுப்புப் பொடிசுகள் கடைசிக்குப் போகின்றன.

நான் வாளியைத் தூக்கிக்கொண்டு கடைசி வரிசையிலிருந்து பரிமாறினேன்.

முன்வரிசையில் ஒருத்தன், “அத்தே, நாங்கதான் முதல்ல வந்தோம்” என்றான்.

“முதல்ல வந்தவன் பெரியவனா இருந்தா கடைசியாத்தான் சாப்பிடணும்லே. பந்தி வழக்கம் தெரியாதோ?”

அப்படி ஒரு பந்தி வழக்கம் எந்த ஊரிலும் கிடையாது. மறுநிமிஷம் எல்லோரும் எழுந்து கடைசிக்கு ஓடினார்கள். பொடிசுகள் மறுபடியும் தள்ளிப் போயின. இனி எந்தப் பக்கத்திலிருந்து தொடங்குவேன் என்று யாருக்கும் சொல்லப் போவதில்லை. எனக்கே தெரியாது.

செல்லக்கிளி என்று மூன்றாம் வகுப்பில் ஒரு பெண். பாத்திரம் கழுவும்போது வந்து பக்கத்தில் நின்றாள்.

“அத்தே, நாளைக்கு எந்தப் பக்கம்னு எனக்கு மட்டும் சொல்லுங்க. எனக்கு இல்ல. தம்பிக்கு.”

சொல்லவில்லை. சொன்னால் அது நியாயம் இல்லை. சொல்லாததும் நியாயமாகப் படவில்லை.

26-7-1961, புதன்

இன்றைக்குச் சங்கரவடிவு பிடித்துக்கொண்டாள்.

“மைனி, திங்கள் சிவனுக்கு. செவ்வாயும் வெள்ளியும் அம்மனுக்கு. வியாழன் குருவுக்கு. புதன்கிழமைக்கு என்ன விரதம்?”

“புதனுக்கு.”

“யாரு புதன்?”

“நவக்கிரகத்துல இருக்காருல்லா. அவருக்கு மட்டும் யாரும் இருக்க மாட்டேங்காவ, பாவம்.”

“சட்டை தோள்ல நிக்க மாட்டேங்குது. ராத்திரிப் பலகாரத்தையும் தொட மாட்டேங்கிய. நம்ம அரிசிப் பானையும் விரதம் இருக்கா? மாசக் கடைசி வரைக்கும் வரவேண்டியது இன்னைக்கே தரை தட்டிட்டு.”

எலி என்று சொன்னேன். அவள் என் முந்தானையைப் பார்த்தாள். முடிச்சில் நாலு அரிசி ஒட்டிக்கொண்டிருந்தது. இந்த மாதிரி நேரத்தில் மனுஷருக்குக் கண் இத்தனை கூர்மையாக இருக்கக்கூடாது.

“நாளைக்குப் போறப்ப இன்னும் ஒரு உழக்கு சேத்து எடுத்துக்கிடுங்க. எலின்னே சொல்லிக்கிடுவோம்” என்று சொல்லிவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டாள்.

என் தம்பிக்கு நல்ல இடத்தில்தான் பெண் எடுத்தோம்.

2-8-1961, புதன்

எழுபத்திரண்டு. ஏழு லிட்டர், அது போக எலி கொண்டுவந்தது.

மறுபடியும் யூனியன் ஆபீஸ். இந்தத் தடவை வாத்தியாரையும் இழுத்துக்கொண்டு போனேன். அவர் நல்ல மனுஷர். மேஜைக்கு அந்தப் பக்கம் யாராவது உட்கார்ந்திருந்தால் மட்டும் அவருக்குப் பேச்சு வராது.

“சார், ஒரு படியில ஒன்றரை லிட்டருக்கு மேல பிடிக்கும்” என்று நான்தான் சொன்னேன்.

நாறும்பூநாதன் சிரித்தார். “எந்தப் படி, அத்தை? உங்க ஊர்ல ஒரு படி, அடுத்த ஊர்ல ஒரு படி. நெல்லு வாங்கும்போது பண்ணையாருக்குப் பெரிய படி, கூலி அளக்கும்போது சின்னப் படி. இந்தக் கூத்துக்காகத்தான சர்க்கார் லிட்டரே கொண்டாந்துச்சு. உங்க படி எதுன்னு நான் எதை வச்சு எழுத?”

எரிச்சல் என்னவென்றால், அவர் சொன்னது நிஜம். நானே அறுப்புக் கூலிக்கு அந்தச் சின்னப் படியில் நெல் வாங்கியவள்தான்.

“முத்திரை போட்ட, சர்க்கார் ஒப்புக்கிட்ட படி ஒண்ணு கொண்டாங்க. ஒன்பதாம் தேதி பி.டி.ஓ. ஐயா இருப்பாரு, முத்திரை இன்ஸ்பெக்டரும் வாராரு. அளந்து பாத்து மாத்திருவோம். இல்லைன்னா இந்தப் பேச்சை விட்டுருங்க. பொங்க முடியலைன்னா சொல்லுங்க, வேற ஆள் போட்டுக்கிடுவோம்.”

வெளியே வந்து வாத்தியார் சொன்னார்: “முத்திரைப் படிக்கு நாம எங்க போவ? எல்லாத்தையும்தான் வண்டியில ஏத்திட்டாரே. வேலையக் காப்பாத்திக்கிடுங்க அத்தை.”

ஆமாம், எங்கே போக என்று நானும் சொன்னேன்.

வீட்டுக்கு வந்து குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்த்தேன். அழுக்கு ஒன்றும் இல்லை.

4-8-1961, வெள்ளி

விளக்கு மாடத்தைக் கழுவிக் கோலம் போட வேண்டியிருந்தது. அதற்காக நிறைபடியை இறக்கினேன். அதற்காக மட்டும்தான். அரிசியை முறத்தில் கொட்டினேன். மூணு வாரமாக ஒரு படி அரிசி அம்மன் முன்னால் சும்மா இருந்திருக்கிறது. பத்துப் பிள்ளைச் சோறு. வண்டு விழத் தொடங்கியிருந்தது.

படியைக் கவிழ்த்தேன். அடியில் முத்திரை. சர்க்கார் குறி, பக்கத்தில் நம்பர், கீழே ‘ஜி.போ.’ என்று இரண்டு எழுத்து. ஜில்லா போர்டு. யூனியன் வருவதற்கு முன்னால், சாப்பாடு தொடங்கின வருஷம் போர்டு ஆபீஸிலிருந்து இதைக் கொடுத்தார்கள். நான்தான் கைநாட்டு வைக்காமல் கையெழுத்துப் போட்டு வாங்கினேன். அந்தப் பெருமை மட்டும் ஞாபகம் இருந்தது, முத்திரை ஞாபகம் இல்லை.

ஞாபகம் இல்லை என்றுதான் எழுதுவேன். இந்த நோட்டு வாத்தியார் பார்க்கிற நோட்டு.

அம்மனிடம் கேட்டேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. நான் மறைத்து வைத்ததற்கு அவளைச் சாட்சி ஆக்கினேனே, அந்தக் கோபமாக இருக்கலாம். முறத்து அரிசியைப் புடைத்து முந்தானையில் கட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன். இன்றைக்குக் கடைசி வரிசைக்கும் சோறு.

9-8-1961, புதன்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

படியை வெள்ளைத் துணியில் சுற்றி இடுப்பில் வைத்துக்கொண்டு போனேன். பி.டி.ஓ. ஐயா நாற்காலியில், நாறும்பூநாதன் பக்கத்தில் நின்றுகொண்டு, இன்ஸ்பெக்டர் தேவசகாயம் ஜன்னல் ஓரத்தில். வாத்தியார் கதவு ஓரத்தில், உள்ளேயும் இல்லை வெளியேயும் இல்லை.

துணியை அவிழ்த்து மேஜை மேல் வைத்தேன். இன்ஸ்பெக்டருக்கு உடனே தெரிந்துவிட்டது. குங்குமம் இன்னும் ஒட்டியிருந்தது.

“அம்மா, இது...”

“அதேதான் ஐயா. அம்மன் அனுப்பியிருக்கா.”

நாறும்பூநாதன் குனிந்து பார்த்தார். “பழைய படியைக் கைவசம் வச்சிருக்கதே குத்தம். கெடு முடிஞ்சு எத்தனை நாளாச்சு? சார், இதை முதல்ல எழுதணும்.”

“எழுதுங்க. அந்தக் குத்தத்துக்கு நான் நிக்கேன். அதுக்கு முன்னால அளங்க.”

“இது எந்த ஊர்ப் படியோ...”

நான் படியைக் கவிழ்த்துக் காட்டினேன். “எந்தப் படின்னு போன வாரம் கேட்டீய. நீங்க குடுத்த படி. உங்க ஆபீஸு போர்டு ஆபீஸா இருந்தப்ப குடுத்தது. நம்பர் உங்க பேரேட்டுலயே இருக்கும், பாருங்க.”

பி.டி.ஓ. ஐயா பேரேட்டைக் கொண்டுவரச் சொன்னார். இருந்தது. நம்பருக்குக் கீழே என் கையெழுத்து, ‘உலகம்மாள்’, அதில் ‘ள்’ கோணலாக.

இன்ஸ்பெக்டர் தம் பெட்டியிலிருந்து முத்திரை போட்ட லிட்டரும் அரை லிட்டரும் எடுத்தார். அரிசி நான் கொண்டுபோயிருந்தேன். படியில் கொட்டிக் கோபுரம் கட்டினேன். அவர் ஒரு குச்சியால் தலை தட்டினார். கோபுரம் மேஜையில் சரிந்தது.

“ஐயா, பிள்ளைக்குப் போடும்போது யாரும் தலை தட்டி அளக்க மாட்டாவ.”

“சட்டத்துல கோபுரம் கிடையாதும்மா. தலை தட்டினாத்தான் அளவு. இங்க அப்படித்தான்.”

அதை விட்டுக்கொடுத்தேன். விட்டுக்கொடுத்தேனே தவிர ஒப்புக்கொள்ளவில்லை.

படியிலிருந்து லிட்டரில் ஊற்றினார். நிறைந்தது. தலை தட்டினார். பிறகு அரை லிட்டரில். அதுவும் நிறைந்தது. படிக்குள் இன்னும் ஒரு கைப்பிடி கிடந்தது. இன்ஸ்பெக்டர் அதைக் கையில் எடுத்துக் காட்டினார்.

“ஒன்றரைக்கு மேல சார். ஏழு படின்னா பதினோரு லிட்டர் வரும். மாத்துறதுக்குப் பட்டியலே அச்சடிச்சு எல்லா ஆபீஸுக்கும் அனுப்பியிருக்கோமே. உங்களுக்கு வரலையா?”

நாறும்பூநாதன் அலமாரியைத் திறந்தார். பட்டியல் இருந்தது. கட்டின நூல் அவிழ்க்காமல் இருந்தது.

பி.டி.ஓ. ஐயா அவரை ஒன்றும் சொல்லவில்லை. என்னைப் பார்த்து, “எத்தனை நாளா இப்படி?” என்று கேட்டார்.

“ஜூலை மூணாந்தேதியில இருந்து. எழுபது பிள்ளையில இருபத்தஞ்சு பேருக்குச் சோறு எட்டாது. தினம் ஒரு இருபத்தஞ்சு.”

“இந்தப் படியை அன்னைக்கே கொண்டு வந்திருந்தா அன்னைக்கே மாத்தியிருக்கலாமே அம்மா.”

இதற்குப் பதில் அரை மைல் போனபிறகும் எனக்கு வரவில்லை.

கடைசியில் இன்ஸ்பெக்டர் என் பக்கத்தில் வந்து தணிந்த குரலில் சொன்னார்: “துணியில சுத்தி எடுத்துட்டுப் போயிருங்க. நான் இன்னும் சாமியத்தான் பாத்தேன். படியப் பாக்கல.”

நல்ல மனுஷர். ஆனால் ஒரு தடவை அம்மனைக் காட்டித் தப்பித்தாயிற்று. இன்னொரு தடவை அவள் வர மாட்டாள்.

“பாத்தேன்னே எழுதுங்க ஐயா. மறைச்சு வச்சிருந்தான்னும் எழுதுங்க. ஆனா ஏழு படி எழுதின அதே தாளுல பதினோரு லிட்டரையும் எழுதி, பி.டி.ஓ. ஐயா கையெழுத்துப் போட்ட பிறகு எழுதுங்க.”

போட்டார். பிறகு இன்ஸ்பெக்டர் ஆபீஸ் வாசலில் படியைக் கவிழ்த்து வைத்து, முத்திரைக்கு நடுவே உளியை நிறுத்தி ஒரே அடி. அடிப்பக்கம் பிளந்துகொண்டது. எனக்கு எச்சரிக்கை மட்டும் எழுதினார்.

நான் கண்ணைத் துடைத்தேன் என்று வாத்தியார் ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறார். ஆபீஸ் வாசலில் ஒரே தூசி.

10-8-1961, வியாழன்

எழுபது. ஏழு லிட்டர். புதுச்சீட்டு அச்சாகி வர வேண்டுமாம். எலிக்கு வேலை இருக்கிறது.

21-8-1961, திங்கள்

சீட்டு வந்தது. பதினோரு லிட்டர்.

கடையில் நானே அளந்தேன். லாபம், ரெண்டு, மூணு. தகர லிட்டர்க்காரனுக்கு முதல் தடவையாக ‘லாபம்’ பொருத்தமாகத்தான் இருந்தது. ஒவ்வொரு லிட்டருக்கும் கோபுரம் கட்டினேன். கடைக்காரர் குச்சியை நீட்டினார்.

“அத்தை, தலை தட்டணும். சட்டம்.”

“நீங்க தட்டுங்க. என் கை தட்டாது.”

அவர் குச்சியைக் கையில் வைத்துக்கொண்டு, நான் பதினொன்றும் எண்ணி முடிக்கிறவரை, தெருவில் போகிற மாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சோறு பொங்கி இறக்கினேன். மணி அடித்ததும் வழக்கம்போல ஓட்டம், இடி. நான் வாளியோடு நடுவில் நின்றுகொண்டு, “எந்தப் பக்கத்துல வேணும்னாலும் உக்காருங்கலே” என்றேன். நம்பவில்லை. இரண்டு பக்கமும் பரிமாறி முடிந்து வாளியில் மிச்சம் இருப்பதைக் காட்டிய பிறகுதான் இடிப்பது நின்றது. செல்லக்கிளி தம்பி இரண்டு தடவை வாங்கினான். மூன்றாவது தடவை தட்டை நீட்டிவிட்டு, வேண்டாம் என்று இழுத்துக்கொண்டான். போதும் என்று ஒரு பிள்ளை சொல்லி ஏழு வாரம் ஆயிற்று.

சங்கரவடிவு பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றாள். எதற்கு வந்தாய் என்றேன். சும்மா என்றாள். பானையை எட்டிப் பார்த்தாள். பிறகு அவளே ஒரு தட்டைக் கழுவி, சோறு போட்டு, குழம்பு ஊற்றி என் முன்னால் வைத்தாள்.

“இன்னைக்கு என்ன கிழமை மைனி?”

“திங்கள்.”

“சிவனுக்கு?”

பிள்ளைகள் எல்லோரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முப்பது வருஷமாக நான் சோமவாரம் தவறவிட்டதில்லை.

“அவரு கணக்குல ஏழு வாரம் கூடுதலாவே கிடக்கு. இன்னைக்குக் கழிச்சுக்கிடட்டும்” என்று சொல்லிவிட்டு, கடைசி வரிசையில் பொடிசுகளுக்கு நடுவே சம்மணம் போட்டு உட்கார்ந்தேன்.

பிள்ளைகள் எழுபத்திரண்டு. அரிசி பதினோரு லிட்டர், கோபுரத்தோடு. சாப்பிட்டவர்கள் எழுபத்து மூன்று.